வலது காது நல்லது

அத்தியாயம் 17

பழிவாங்கப் போகிறவள் கையில் கூடை இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அக்கா வாசலில் அடுக்கியிருந்த கூடைகளில் மேலாக இருந்ததை உருவிக்கொண்டாள். வாடிக்கையாளராக வந்தால் வாடிக்கையாளராகவே நடந்துகொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்தரை. இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

தோளில் தொங்கிய துணிப்பைக்குள், பழைய துண்டு சுற்றிய ஒரு பாட்டில் நின்றிருந்தது. முக்கால் பாகம் சிவப்பு ஒயின். கார்க்கை அவளே அழுத்தி மூடியிருந்தாள், வெடிகுண்டுக்குத் திரி செருகுகிற பக்குவத்தில்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. இது அவள் அப்பா ஆரம்பித்த கடை. வெளிநாட்டுச் சீஸ், ஆலிவ், சாக்லேட், ஒயின் என்று கப்பலேறி வருகிற நாக்கு ருசி எல்லாம் இங்கே கிடைக்கும். அப்பாவுக்குப் பிறகு தம்பி முதலாளி ஆனான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனபோது தம்பியின் வாசனை உணர்ச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரோஜாவும் மண்ணெண்ணெயும் அவனுக்கு ஒன்றுதான். ஒயின் விற்கிறவனுக்கு மூக்கு போவது, பாடுகிறவனுக்குத் தொண்டை போவது மாதிரி.

அன்றிலிருந்து அக்காதான் அவனுக்கு மூக்கு. அவன் கிளாஸைச் சுழற்றி முகர்வான். கண் மட்டும் அக்கா பக்கம் போகும். அவள் வலது காதுத் தோட்டைத் தொட்டால் சரக்கு நல்லது. இடது காதைத் தொட்டால் கெட்டது. இது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாது. ஊர் அவனைத் 'தங்க மூக்கு' என்று கொண்டாடியது.

ஏழு மாதத்துக்கு முன் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். கடைப் பலகையில் தன் பெயரும் வேண்டும் என்றாள். தம்பி எட்டு ஊழியர்கள் முன்னால் சிரித்தான். "அக்காவுக்கு எதுக்கு மூக்கு? அடுத்தவங்க விஷயத்துல நுழைக்கத்தானே" என்றான். மறுநாள் பின்வாசல் பூட்டு மாறியிருந்தது.

அவ்வளவுதான். இனி கடைக்குள் போவோம்.

முதல் வரிசையில் காலை வைத்ததும் அக்காவுக்கு வந்த வேலை மறந்துபோனது. அதை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆலிவ் எண்ணெய் பாட்டில்கள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றன. ஒன்று இளம்புல் நிறம், ஒன்று கிட்டத்தட்டத் தங்கம். ஒரு தகர டப்பாவின் மூடியில் மீன் ஒன்று மீசை வைத்த மனிதனைப் போல முறைத்தது. அதைக் கூடையில் போட்டாள். அடுத்த அலமாரியில் கட்டைவிரலால் அழுத்திச் செய்த குட்டிக் குட்டிக் காதுகள் போல ஒரு பாஸ்தா. பாக்கெட்டைக் குலுக்கினாள். காதுகள் சலசலத்தன. இன்றைக்குப் பொருத்தமான சாப்பாடுதான் என்று அதையும் போட்டுக்கொண்டாள்.

பதினோரு வருடம் இதையெல்லாம் விற்றிருக்கிறாள். வாங்கியதே இல்லை. கூடை கனக்கக் கனக்க மனசு லேசாகிற இந்த விசித்திரம் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இத்தனை நாள் இருந்திருக்கிறது. கறுப்பு சாக்லேட் ஒன்று. முழுக் கடுகு மிதக்கிற கடுகு விழுது ஒரு ஜாடி. அது மூடியிருக்கும்போதே கண்ணைக் கரிப்பது போலிருந்தது.

சீஸ் கவுண்டரில் யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நீல நரம்போடிய சீஸ் ஒன்று முக்கோணமாக வெட்டப்பட்டிருந்தது. ஓரம் உதிரவில்லை, பிசிறு இல்லை. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினால்தான் அப்படி வரும். அக்கா புருவத்தைத் தூக்கினாள். அது அவளுடைய முறை. அவள் இருந்தவரை இங்கே வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இருந்ததில்லை.

பிறகு அந்த அட்டையைப் பார்த்தாள்.

'இதன் நாற்றத்தைக் கண்டு ஓடாதீர்கள். ஒரு துண்டு வாயில் போடுங்கள். பிறகு வந்து என்னைத் திட்டுங்கள்.'

அவள் எழுதியது. அவள் கையெழுத்து. அதற்குக் கீழே புதிதாக ஒட்டியிருந்தார்கள்: தம்பியின் சிரித்த முகம், 'அன்புடன், உங்கள் தங்க மூக்கு.'

கடையில் இருந்த அட்டைகள் எல்லாவற்றின் கீழும் அந்த முகம் சிரித்தது. அக்காவுக்கு வந்த வேலை ஞாபகம் வந்துவிட்டது.

பாட்டில் கிடைத்தது முந்தாநாள். மாடி வீட்டு டெய்லரம்மா இதே கடையில் வாங்கிய ஒயினைத் திறந்துவிட்டு, இது இப்படித்தான் இருக்குமா என்று கேட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அக்கா ஒரே முகர்வில் கண்டுபிடித்தாள். கார்க் கெட்டு ஒயினையும் கெடுத்திருந்தது. மழையில் நனைந்து காயாத அட்டைப்பெட்டியின் வாசனை. இந்தச் சரக்கு வந்த அன்றே அவள் மொத்தப் பெட்டியின் மேலும் 'திருப்பி அனுப்பு' என்று எழுதி வைத்திருந்தாள். அவளைத் துரத்திய பிறகு, யாரோ எழுத்தை அழித்துவிட்டு அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள்.

டெய்லரம்மாவுக்கு வேறு பாட்டில் வாங்கித் தருவதாகச் சொல்லி இதை வாங்கி வைத்துக்கொண்டாள். திட்டம் அப்போதே தயார்.

அப்பா வைத்துவிட்டுப் போன முறை ஒன்று உண்டு. திறந்த பாட்டிலை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், முதலாளியே எல்லோர் முன்னாலும் முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மறுக்க முடியாது. அந்த வாசகம் இன்றும் கவுண்டருக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

இன்றைக்கு முன்னால் நிற்கப்போவது சாதாரணக் கூட்டமும் இல்லை. ஏழு ஹோட்டல்களுக்குச் சரக்கு வாங்குகிற பர்சேஸ் மேடம் பதினோரு மணிக்கு வருகிறார் என்று வாசல் கண்ணாடியிலேயே பெருமையாக எழுதி ஒட்டியிருந்தார்கள். ஏழு ஹோட்டல்களின் ஒயின் ஆலோசகராகத் தம்பியை நியமிப்பதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவாகும்.

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். கழுத்தில் ஒன்றுமில்லை, காலில் தட்டைச் செருப்பு. முக்கியமாக, சென்ட் இல்லை. முகர்ந்து பிழைக்கிறவர்கள் சென்ட் போடுவதில்லை. அக்காவுக்கு அந்த அம்மாளை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

தம்பி வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை போல நின்றான். பில் கவுண்டரில் இருந்த தம்பி மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"அண்ணி, நீங்களா?" என்றாள். குரலில் வரவேற்பும் இல்லை, விரட்டலும் இல்லை.

"சாமான் வாங்க வந்தேம்மா" என்று கூடையைக் காட்டினாள் அக்கா. "ஒரு பாட்டிலைத் திருப்பணும். தீர்ப்புச் சொல்ல ஆள் இருக்கா?"

தம்பியின் சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்தது. மேடத்தின் பார்வை சட்டம் போட்ட வாசகத்துக்குப் போய், தம்பிக்கு வந்து நின்றது.

"நல்ல வழக்கம்" என்றார் மேடம். "செய்ங்க சார். நானும் பார்க்கறேன்."

தப்பிக்க வழியில்லை. தம்பி பாட்டிலை வாங்கிக் கிளாஸில் ஊற்றினான். சுழற்றினான். அந்த மணிக்கட்டு வித்தையை அவனை விட அழகாகச் செய்ய ஆளில்லை. மூக்கைக் கிளாஸுக்குள் விட்டான்.

கண் அக்காவிடம் வந்தது.

வராமல் எங்கே போகும்? பதினோரு வருடப் பழக்கம். பிரேக்கைத் தேடுகிற கால் மாதிரி தானாகவே வந்தது.

அக்கா நிதானமாகக் கையைத் தூக்கினாள். வலது காதுத் தோட்டைத் தொட்டாள். திருகினாள்கூட.

நல்லது என்று சொல்லுடா. சொல்லிவிட்டு அந்தக் கிளாஸை அந்த அம்மாள் கையில் கொடு.

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். அவன் கண் அக்காவின் முகத்தை விட்டு நகர்ந்து, அவளுடைய தோளுக்கு மேலாக, எங்கோ பின்னால் போனது. ஒரு நொடிதான்.

"கெட்டுப்போச்சு" என்றான். "கார்க் கோளாறு. மழையில நனைஞ்சு காயாத அட்டைப்பெட்டி வாசனை. மன்னிச்சுக்கோக்கா, வேற பாட்டில் தரேன்."

மேடம் கிளாஸை வாங்கி முகர்ந்து, தலையசைத்தார். தம்பி மனைவி பெருமையில் நிமிர்ந்தாள்.

அக்காவின் கை இன்னும் வலது காதிலேயே இருந்தது. தீர்ப்புச் சரியாக இருந்தது. அதைவிட மோசம், வார்த்தையும் சரியாக இருந்தது. காயாத அட்டைப்பெட்டி என்பது புத்தகத்தில் உள்ள சொல் இல்லை. அவள் வீட்டுச் சமையலறையில், ஒரே ஒரு ஆளுக்கு அவள் சொல்லிக்கொடுத்த சொல்.

மெதுவாகத் திரும்பினாள்.

சீஸ் கவுண்டருக்குப் பின்னால், கடை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கத்தியைத் துடைத்தபடி அவள் மகள் சிட்டு நின்றிருந்தாள். இன்னொரு கை இடது காதிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வாரமாகக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிற சிட்டு. காலையில் டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பிய சிட்டு.

அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். சிட்டு கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த ரகசியம் இருவருக்குத்தான் தெரியும் என்று அக்கா நினைத்திருந்தாள். கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்து வளர்ந்த குழந்தைக்கும் கண் உண்டு என்பது அவளுக்கு இதுவரை தோன்றவில்லை.

தம்பி இப்போது தரையில் இல்லை. அக்கா பக்கம் திரும்பி, வேறு ஏதாவது வேண்டுமா என்று மிருதுவாகக் கேட்டான். எப்போதும் தோற்றவர்களிடம்தான் அவன் குரல் இவ்வளவு மிருதுவாகும். அக்கா கூடையை இறுகப் பிடித்தபடி நின்றாள். போயிருக்கலாம். போகவில்லை.

"எனக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார் மேடம். "போன்லயே சொல்லியிருந்தேனே, ஒரு பாட்டில் கொண்டு வரேன்னு."

பையிலிருந்து காகிதம் சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்தார். லேபிள் தெரியவில்லை. அவரே ஊற்றினார். இதுவும் சிவப்பு. தம்பிக்கு ஒரு கிளாஸ். கொஞ்சம் யோசித்துவிட்டு அக்காவுக்கும் ஒன்று நீட்டினார். வாடிக்கையாளரும் பார்க்கட்டுமே என்றார்.

அக்கா முகர்ந்தாள். அந்தக் கோபத்திலும் உடம்பு சிலிர்த்தது. பழுத்த பிளம் பழம், அப்போதுதான் சீவிய பென்சில், பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோல் செருப்பு. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தன. இத்தனை நல்ல ஒயின் இந்தக் கடைக்குள் நுழைந்து வருடக்கணக்காகிறது.

தம்பி சுழற்றினான், முகர்ந்தான். இந்தத் தடவை அக்காவைத் தேடவே இல்லை. நேராகச் சீஸ் கவுண்டர்.

சிட்டு தலையைச் சாய்த்தாள். கை மெல்ல மேலே போனது. இடது காது.

"இதுவும் கெட்டுப்போச்சு மேடம்" என்றான் தம்பி, வருத்தமான குரலில். "அதே அட்டைப்பெட்டி வாசனை. உங்களை யாரோ ஏமாத்திட்டாங்க."

அக்கா தன் கிளாஸை மறுபடியும் முகர்ந்தாள்.

மேடம் சிரிக்கவில்லை. இரண்டு ஒயினையும் எடுத்துக்கொண்டு திரும்பி நின்றார். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஊற்றினார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். தம்பி முன்னால் வைத்தார்.

"இது எங்க முதலாளியோட சொந்தப் பாட்டில். காலையில மூணு பேர் பார்த்துட்டு நல்லாயிருக்குன்னு சொன்னாங்க. சரி, மூணு பேரும் தப்புன்னே வெச்சுக்குவோம். இதுல எது உங்க அக்கா கொண்டுவந்தது, எது நான் கொண்டுவந்தது? அதை மட்டும் சொல்லுங்க."

குழந்தையால்கூடச் சொல்ல முடியும். ஒன்று பழக்கடை, ஒன்று நனைந்த கிடங்கு.

தம்பி முதல் கிளாஸை முகர்ந்தான். இரண்டாவதை முகர்ந்தான். மறுபடி முதலாவது. சீஸ் கவுண்டரைப் பார்த்தான். சிட்டு குனிந்து சீஸைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வேலையில் இருந்தன.

நெற்றி வியர்த்தது. மூக்கு வியர்த்தது. கடைசியில் அவன் கண், அடிபட்ட நாய் வீட்டுக்கு வருவதைப் போல, அக்காவிடமே வந்தது.

அக்கா கையைத் தூக்கினாள். அவன் முகத்தில் உயிர் வந்தது. கை காது வரை போனது. முகத்தில் விழுந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகிவிட்டு, கீழே இறங்கியது.

"அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கியே தம்பி" என்றாள்.

ஏழு மாதமாக வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம். சாக்லேட் போலக் கரைந்தது.

பில் கவுண்டரிலிருந்துதான் முதல் குரல் வந்தது. தம்பி மனைவி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீய்ந்த குழம்பைக்கூடக் குறை சொல்லாமல் சாப்பிடுகிற மகான் என்று அவள் அம்மா வீட்டில் அவனுக்குப் பெயர்.

"அப்போ ஒன்பது வருஷமா நான் சமைச்சதை..." என்றவள் பில் மெஷினை அணைத்துவிட்டு உள்ளே போனாள். தம்பி அவள் பின்னாலேயே ஓடினான். கதவு அவன் முகத்திலேயே சாத்திக்கொள்ளும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

அக்கா சீஸ் கவுண்டருக்குப் போனாள். நீல நரம்பு சீஸில் கொஞ்சம் வேண்டும் என்று விரலால் காட்டினாள். சிட்டு கத்தியை வெந்நீரில் முக்கினாள்.

"இதான் கம்ப்யூட்டர் கிளாஸா?"

"இதான்மா கிளாஸ்."

"முதல் பாட்டில்ல ஏன்டி அவனைக் காப்பாத்தினே?"

சிட்டு கத்தியைத் துடைத்தாள். "உன் பாட்டில்ல விழுந்திருந்தா அக்கா தம்பி சண்டைன்னு போயிருக்கும். மேடம் பாட்டில்ல விழணும். அவங்க கொண்டு வரேன்னு சொன்ன போனை எடுத்ததே நான்தான். அதுக்கு முன்னாடி மாமா என்னை முழுசா நம்பணும்ல. இடது காதுன்னா அட்டைப்பெட்டி வாசனைன்னு சொல்லச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்."

இத்தனை அழகான பழியை அக்காவால் யோசித்திருக்க முடியாது. நெஞ்சு பூரித்தது. என் வயிற்றில் பிறந்தது அச்சு அசலாக என்னைப் போலவே இருக்கிறதே என்று நினைத்தாள். எனக்காக மூன்று வாரம் எதிரியின் வீட்டில் ஏப்ரன் கட்டி நின்றிருக்கிறதே.

பின்னால் தட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது.

"சீஸ் பெட்டியோட கண்ணாடியில எல்லாம் தெரிஞ்சுது" என்றார் மேடம். அம்மாவின் காதைப் பார்த்தார், மகளின் காதைப் பார்த்தார். "அவருக்கு மூக்கு இல்லை. ஆனா இத்தனை வருஷம் இந்தக் கடைக்கு இருந்திருக்கு. எனக்கு ஏழு ஹோட்டலுக்கும் சேர்த்து ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு ஆள். உங்க ரெண்டு பேர்ல அந்த மூக்கு யாரு?"

அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றாள் சிட்டு.

கத்தி சீஸுக்குள் இறங்கிய சத்தம்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான வெட்டு.

அக்கா மகளைப் பார்த்தாள். சிட்டுவின் முகத்தில் குற்றவுணர்ச்சியைத் தேடினாள். இருந்தது, கொஞ்சமாக. அதற்கு மேல் வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"தப்பா நினைக்காதேம்மா" என்றாள் சிட்டு தாழ்ந்த குரலில். "உன்னை மாதிரி பதினோரு வருஷம் காதைத் தடவிக்கிட்டு நிக்க என்னால ஆகாது. முதல் நாளே என் பேர் பலகையில இருக்கணும்."

மேடம் இதையும் ஒயினைப் போலவே அவசரமில்லாமல் முகர்ந்து பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, நீங்க ஒண்ணும் சொல்லலியே என்றார்.

"நானும் மூக்குதான் மேடம்" என்றாள் அக்கா. "இவளுக்குச் சொல்லிக்கொடுத்த மூக்கு."

"அப்போ திங்கட்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. பன்னிரண்டு கிளாஸ். கண்ணைக் கட்டிடுவேன்." மேடம் புறப்பட்டார். வாசல் வரை போனவர் நின்று, "தனித்தனி ரூம்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

கடையில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். உள்ளே தம்பி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். பில் கவுண்டரில் ஆளில்லாததால் சிட்டுவே வந்து மெஷினைப் போட்டாள். மீசை வைத்த மீன், கறுப்பு சாக்லேட், கடுகு விழுது, சீஸ். ஒவ்வொன்றாக எடுத்து, விலை பார்த்து, பைக்குள் வைத்தாள். கடைசியில் காதுகள் நிறைந்த பாக்கெட் வந்தது. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா. என் மேல கோவமா?"

அக்கா மகளைக் கனிவாகப் பார்த்துச் சிரித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வந்துவிடச் சொன்னாள், இந்தப் பாஸ்தாவைத்தான் சமைக்கப்போவதாகச் சொன்னாள். பையை வாங்கித் தோளில் மாட்டினாள். வாசலில் திரும்பி நின்று, வலது காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

நல்லது.

சிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே கை, இதே தோட்டைத் தொட்டுத்தான், கூடப் பிறந்தவனிடம் பொய் சொன்னது.